படகு ஜெனரேட்டரில் நீர் ஒழுகினால்



படகில் இருக்கும் ஜெனரேட்டரைப் பற்றி இன்று பேசப் போகிறோம் என்றதும், "தோட்டத்தில் இருக்கும் நமக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. கேரித் தீவு, பாகான் டத்தோ, கோல சிலாங்கூர் போன்ற இடங்களில் செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்திலிருந்து கடல் தொலைவில் இல்லை. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று படகுத் துறைகளிலும் எஞ்சின் பட்டறைகளிலும் வேலை செய்கிறார்கள். அப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவருக்காகவும், அவர் பத்திரமாகக் கரை திரும்ப வேண்டும் என்று காத்திருக்கும் உங்களுக்காகவும் இந்தப் பேச்சு.

ஜெனரேட்டர் நமக்குப் புதிதன்று. தோட்டத்துக்குப் பொது மின்சாரம் வராத காலத்தில், மாலையில் எஞ்சின் கொட்டகையில் டுப்பு டுப்பு என்று சத்தம் கேட்கும். லயன் வீடுகளில் விளக்கு எரியும். இரவு குறித்த நேரம் வந்ததும் எஞ்சின் நிற்கும், தோட்டம் இருளும். பெரியவர்களுக்கு இது நினைவிருக்கும். கரையிலுள்ள ஜெனரேட்டரில் ரேடியேட்டரும் விசிறியும் இருக்கும். காற்று அதன் சூட்டைத் தணிக்கும். படகின் அடித்தட்டில், நான்கு பக்கமும் அடைத்த இடத்தில் ஓடும் எஞ்சினுக்கு அந்த வசதி போதாது. ஆகவே படகைச் சுற்றியுள்ள கடல் நீரையே உள்ளே இழுத்து, சூட்டை அதில் ஏற்றி, மறுபடியும் கடலுக்கே அனுப்புகிறார்கள். கடல் நீர் உள்ளே வருகிறது என்றால், அது ஒழுகவும் வழி இருக்கிறது என்று பொருள்.

முதலில் நீர் போகும் பாதையைத் தெரிந்துகொள்வோம். பாதை தெரியாதவனுக்கு ஒழுக்கு அகப்படாது.

படகின் அடியில் ஒரு துவாரம். அதன்மேல் திறந்து மூடும் கடல் வால்வு. அங்கிருந்து நீர் ஒரு வடிகட்டிக்கு வருகிறது. பாசி, சிப்பித் துண்டு, பிளாஸ்டிக் பை எல்லாம் அங்கே நின்றுவிடும். அடுத்தது கடல்நீர் பம்ப். இதற்குள் இறக்கைகள் கொண்ட ஒரு ரப்பர் சக்கரம் சுழல்கிறது. இதை இம்பெல்லர் என்பார்கள். பம்ப் தள்ளும் நீர் வெப்ப மாற்றி என்னும் உருளைக்குள் போகிறது. அதற்குள் மெல்லிய உலோகக் குழாய்கள் கற்றையாக இருக்கும். குழாய்களுக்கு உள்ளே கடல் நீர்; வெளியே எஞ்சினின் சொந்த நீர். இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே சூடு மட்டும் கைமாறுகிறது. வேலை முடிந்த கடல் நீர், புகைக்குழாயின் வளைவுப் பகுதியில் சூடான புகையோடு கலந்து, அதையும் குளிர்வித்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது. இந்த வளைவைக் கலப்பு வளைவு என்போம். இதன் பெயரை நினைவில் வையுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

எஞ்சினின் சொந்த நீர் வேறு வட்டம். அது வெளியே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். அதில் நிறம் சேர்த்த குளிர்விப்புத் திரவம் கலந்திருக்கும். பச்சையாகவோ சிவப்பாகவோ காணப்படும். அதற்கென்று அழுத்த மூடி போட்ட ஒரு சிறு தொட்டி உண்டு.

ஆக, இரண்டு நீர், இரண்டு வட்டம். ஒழுக்கைக் கண்டதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது எந்த நீர்?

நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். குளிர்விப்புத் திரவத்தில் பெரும்பாலும் கலந்திருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. சற்று இனிப்பாக இருப்பதால் குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் அது கூடுதல் ஆபத்து. ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். நிறமும் வழவழப்பும் இருந்தால் எஞ்சினின் நீர். நிறமில்லாமல், காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் கடல் நீர். அந்தப் பொடி உப்பு.

இரண்டாவது கேள்வி: எப்போது ஒழுகுகிறது? எஞ்சின் நிற்கும்போதா, ஓடும்போதா? பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ஆனால் பாதி நோயை இதுவே சொல்லிவிடும். எஞ்சின் நின்றிருக்கும்போது, கடல் வால்வு திறந்த நிலையில் ஒழுகினால், குறை நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதியில் இருக்கிறது: வால்வு, வடிகட்டி, பம்புக்கு வரும் குழாய். எஞ்சின் ஓடும்போது மட்டும் ஒழுகினால், பம்புக்கு அப்பால், நீரைத் தள்ளும் பக்கத்தில் தேட வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பம்ப் ஓடும்போது, அதற்கு முன்னால் உள்ள குழாயில் நீர் உறிஞ்சப்படுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் நீர் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகக்கூடும். ஓடும்போது காய்ந்திருக்கும் இடம், நிறுத்தியதும் சொட்டும். காற்றுக் கலந்த நீர் போதிய அளவு போகாததால் எஞ்சினும் வழக்கத்தைவிடச் சூடேறும். சொட்டும் நீரையும் ஏறும் சூட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

மூன்றாவது கேள்வி: எங்கிருந்து? ரப்பர்க் காட்டில் வேலை செய்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பால் விழுவது மங்கில். அதற்காகப் பால் மங்கிலிருந்து வருகிறது என்று யாரும் சொல்வதில்லை. மேலே வெட்டிய பட்டையில் ஊறி, கோட்டின் வழியே இறங்கி, பீலியைத் தொட்டு, பிறகுதான் மங்கில் விழுகிறது. எஞ்சினிலும் அப்படியே. நீர் சொட்டுகிற இடம் வேறு, புறப்படுகிற இடம் வேறு. சொட்டும் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம்.

கரையோரத் தோட்டமொன்றில் வளர்ந்த இளைஞர் ஒருவர், தூண்டில் பிரியர்களை இரவு மீன்பிடிக்கு அழைத்துச் செல்லும் படகில் எஞ்சின் வேலை பார்த்து வந்தார். இரவு முழுவதும் ஜெனரேட்டர் ஓடும். விளக்கும் குளிர்பெட்டியும் அதில்தான். ஒவ்வொரு நாள் காலையிலும் ஜெனரேட்டரின் கீழுள்ள தட்டில் நீர் தேங்கியிருக்கும். பம்பின் அடியிலிருந்து சொட்டுவதைக் கண்டு, குழாயின் கிளிப்பை முறுக்கினார். மறுநாளும் நீர். இன்னும் முறுக்கினார். மூன்றாம் நாள் கிளிப் ரப்பர்க் குழாயையே அறுத்துவிட்டது. குழாயை மாற்றினார், நீர் நிற்கவில்லை. படகுக்காரத் தவுக்கே பம்பைக் கழற்றிப் புதிது போடச் சொன்னார். அந்தச் செலவில் ஒரு பகுதி இளைஞரின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அப்போதும் நீர் நிற்கவில்லை.

இதற்கிடையில் இன்னொரு பேச்சும் இருந்தது. அந்தப் படகில் இரவு படுத்தவர்களுக்குக் காலையில் தலைவலி, குமட்டல். கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நீர் ஒழுகுவதையும் தலைவலியையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

நாம் போயிருந்த அன்று, துறையில் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கும் உடன் வந்தார். இளைஞர் ஸ்பேனரை எடுத்தார். "தம்பி, அதைக் கீழே வை. முதலில் துடை" என்றார் அவர். "எதைத் துடைக்கிறது அண்ணே?" என்று கேட்டார் இளைஞர். "எல்லாவற்றையும்" என்பது பதில்.

எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, ஸ்டார்ட்டர் பேட்டரியின் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பம்ப், குழாய், வெப்ப மாற்றி, வளைவு என்று ஒன்றுவிடாமல் காய்ந்த துணியால் துடைத்தார்கள். தட்டில் பழைய செய்தித்தாளை விரித்தார்கள். முகத்துக்குப் போடும் பவுடரைக் குழாய்கள் மேலும் இணைப்புகள் மேலும் தூவினார்கள். கடல் வால்வைத் திறந்து அரை மணி நேரம் காத்திருந்தார்கள். தாள் காய்ந்தே இருந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே குறை இல்லை என்பது தெளிவாயிற்று. பிறகு பேட்டரியை இணைத்து எஞ்சினை ஓட்டினார்கள். சிறிது நேரத்தில் பவுடரில் ஈரமான ஒரு கோடு தெரிந்தது. அது பம்பிலிருந்து வரவில்லை. மேலே கலப்பு வளைவில் தொடங்கி, குழாயின் அடிப்பக்கத்தை ஒட்டியே இறங்கி, பம்பின் மேல் வந்து, அங்கிருந்து சொட்டிற்று.

வளைவைச் சுற்றியிருந்த வெப்பத் தடுப்புத் துணியைப் பிரித்தார்கள். இரும்பு அரித்து, குண்டூசி முனை அளவில் இரண்டு துவாரங்கள். அவற்றைச் சுற்றிக் கறுப்பாகப் புகைக்கரி. மெக்கானிக் எஞ்சினை உடனே நிறுத்தச் சொன்னார். "நீர் வெளியே வரும் ஓட்டை வழியாகப் புகையும் வரும், தம்பி. இத்தனை நாள் தலை வலித்தது கடலால் இல்லை" என்றார்.

எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெட்ரோல் எஞ்சினைவிட டீசல் எஞ்சினில் அது குறைவு என்பது உண்மையே. ஆனால் மூடிய அறைக்குள், மணிக்கணக்காகச் சேரும்போது அந்தக் குறைவு நம்மைக் காக்காது. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் விருப்பத்தோடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், மயக்கம். தூங்குகிறவன் விழித்துக்கொள்ளாமலே போய்விடக்கூடும். ஆகவே கலப்பு வளைவில் கசிவும் கரியும் கண்டால், அந்த எஞ்சினை ஓட்டக் கூடாது. ஒட்டுப் போட்டு இன்று ஓர் இரவு மட்டும் என்பதும் கூடாது. வளைவை மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். படகில் ஒருவருக்கு இப்படித் தலை சுற்றினால், எஞ்சினை நிறுத்தி, அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்த வாயுவைக் கண்டதும் கத்தும் எச்சரிக்கைக் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. ஆட்கள் படுக்கும் படகில் அது கட்டாயம் இருக்க வேண்டும்.

அந்தப் படகில் வளைவை மாற்றினார்கள். நீரும் நின்றது, தலைவலியும் நின்றது. புதிய பம்புக்குச் செய்த செலவு மட்டும் வீண்.

இனி, ஒழுக்கு வழக்கமாகத் தோன்றும் மற்ற இடங்களைப் பார்ப்போம்.

முதலில் குழாயும் கிளிப்பும். கிளிப்புக்கு அடியில்தான் ரப்பர் முதலில் வெடிக்கும். குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலும், பஞ்சாக நைந்திருந்தாலும் மாற்றுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள இணைப்புகளில், இடம் இருந்தால் இரண்டு கிளிப் போடுவது நல்ல வழக்கம். கிளிப் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். பட்டை நல்ல எஃகு, திருகு மட்டும் சாதாரண இரும்பு என்ற மலிவுச் சரக்கும் உண்டு. ஒரு சிறு காந்தத்தைத் திருகில் வைத்துப் பாருங்கள். கெட்டியாக ஒட்டினால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது பம்ப். பம்பின் உடலில், நீர்ப் பகுதிக்கும் எஞ்சினோடு சேரும் பகுதிக்கும் நடுவில், அடிப்பக்கமாக ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து நீர் சொட்டினால் உள்ளே இருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெய் சொட்டினால் எண்ணெய் சீல் போய்விட்டது. இந்தத் துளை பம்ப் செய்தவர்களே வைத்த எச்சரிக்கை வாய். சிலர் இதில் சோப்பையோ பசையையோ வைத்து அடைத்துவிடுகிறார்கள். அப்படி அடைத்தால் நீர் வேறு வழி தேடும். பற்சக்கரத்தால் ஓடும் பம்பாக இருந்தால் அது எஞ்சின் எண்ணெய்க்குள்ளேயே போகும். எண்ணெய் அளக்கும் கம்பியை எடுத்துப் பார்த்தால் பால் தேநீர் நிறத்தில் இருக்கும். அத்துடன் எஞ்சினை ஓட்டினால் பேரிங்குகள் பாழாகும். சொட்டும் வாயை அடைக்காமல் சீலை மாற்றுங்கள்.

பம்பின் முன்மூடியில் ஒழுகினால் கேஸ்கெட்டையோ ஓ வளையத்தையோ மாற்றி, திருகுகளை எதிரெதிராக, சமமாக முறுக்குங்கள். மூடியைத் திறந்த கையோடு இம்பெல்லரையும் பாருங்கள். இது பெரும்பாலும் நியோப்ரீன் போன்ற செயற்கை ரப்பர். நாம் மரத்திலிருந்து எடுத்த பாலில் செய்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிவிடும் என்பதால் இதைப் பயன்படுத்துகிறார்கள். நீர் இல்லாமல் சுழன்றால் ஓரிரு நிமிடத்திலேயே இது கருகிவிடும். இறக்கை ஒன்று உடைந்திருந்தால், உடைந்த துண்டுகளை எடுத்துச் சேர்த்து வைத்து முழுச் சக்கரமாகிறதா என்று பாருங்கள். குறைகிற துண்டு வெப்ப மாற்றியின் வாயில் அடைத்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வெப்ப மாற்றி. இரு முனைகளிலும் மூடியும் ரப்பர் வளையமும் உண்டு. வளையம் இறுகிப்போனால் கசியும். இதன் பக்கத்தில் துத்தநாகப் பென்சில் ஒன்று திருகப்பட்டிருக்கும். கடல் நீர் உலோகத்தை அரிக்க வரும்போது, மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தன்னைக் கொடுத்துக் கரைவது இதன் வேலை. பாதிக்கு மேல் கரைந்துவிட்டால் மாற்ற வேண்டும். மறந்துவிட்டால் அடுத்து அரிபடுவது குழாய்க் கற்றைதான். அதில் துவாரம் விழுந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஆனால் தொட்டியில் நிறநீர் குறைந்துகொண்டே வரும். அழுத்தத்தில் இருக்கும் எஞ்சின் நீர், கடல் நீரோடு கலந்து வெளியே போய்க்கொண்டிருக்கும். "எங்கும் ஒழுகவில்லை, ஆனால் குறைகிறது" என்றால் பட்டறையில் கொடுத்து அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது அந்தத் தொட்டியின் மூடியைத் திறக்கவே கூடாது; கொதிநீர் முகத்தில் பீறிடும்.

நான்காவது, நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டிய வளைவுக் குழாயின் உச்சியில் இருக்கும் காற்று வால்வு. எஞ்சின் நின்ற பிறகு கடல் நீர் தானாக உறிஞ்சப்பட்டு உள்ளே வந்துவிடாமல் இது காக்கிறது. உப்பு படிந்தால் திறந்தபடியே நின்று, கீழே இருக்கும் ஜெனரேட்டரின் மின்பகுதியில் உப்பு நீரைத் தெளிக்கும். இதனால் மின்சாரம் தாக்கலாம், தீயும் பிடிக்கலாம். மூடியபடியே நின்றால் நீர் புகைக்குழாயை நிரப்பி எஞ்சினுக்குள் ஏறும். நீரை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டன் அதை இடித்தால் கம்பி வளையும். ஆகவே அவ்வப்போது கழற்றி, நல்ல நீரில் கழுவிப் போடுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் திரும்பத் திரும்பச் சுழற்றும்போதும் இதே அபாயம் உண்டு. அப்போது கடல் வால்வை மூடிவிட்டுச் சுழற்றுங்கள். எஞ்சின் பிடித்த கணமே திறந்துவிடுங்கள்.

நடுக்கடலில் குழாய் வெடித்தால் என்ன செய்வது? முதலில் கடல் வால்வை மூடுங்கள், எஞ்சினை நிறுத்துங்கள். சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டி இறுக்கிச் சுற்றி, மேலே கிளிப் போட்டால் கரை சேரும் வரை தாங்கக்கூடும். வால்வே உடைந்துபோனால் அடைக்க, மென்மரத்தில் கூம்பாகச் செதுக்கிய கட்டை ஒன்றை அதன் பக்கத்திலேயே கயிற்றில் கட்டி வைத்திருங்கள். கடல் வால்வை மாதம் ஒரு முறையாவது திறந்து மூடிப் பழக்குங்கள். இறுகிப்போன வால்வு, ஆபத்து வேளையில் கைக்கு உதவாது.

கடைசியாக ஒரு சொல். பழுது பார்த்த பிறகு எல்லாவற்றையும் மறுபடி துடைத்து, தட்டில் புதிய தாளை விரித்து வையுங்கள். மறுநாள் காலை அந்தத் தாள் என்ன சொல்கிறது என்று பாருங்கள். என்றைக்கு, எங்கே, எந்த நீர் ஒழுகிற்று, எதை மாற்றினோம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். அந்த இளைஞர் இப்போது அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறார். முன்பு ஸ்பேனரை முதலில் எடுத்தவர், இப்போது துணியை முதலில் எடுக்கிறார்.

தாய்மார்களே, உங்கள் பிள்ளை கடலிலிருந்து வந்து, "படகில் படுத்தால் தலை வலிக்குதம்மா" என்று சொன்னால், தைலம் தேய்த்துவிடுங்கள்; அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். "எஞ்சினில் எங்கேயாவது ஒழுகுதா, கரி பிடிச்சிருக்கா, பார்த்தியாப்பா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.